அலைக்கற்றைக்குப் போக மிஞ்சுவது எவ்வளவு? தொலைத்தொடர்புப் பங்குகள் குறித்து ஓர் ஒப்பீடு

மாதந்தோறும் தவறாமல் ரீசார்ஜ் செய்யும் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள், போட்டியில் எஞ்சி நிற்கும் மூன்றே தனியார் நிறுவனங்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயரும் கட்டணம் ஆகியவற்றைப் பார்க்கும் சிறு முதலீட்டாளருக்கு, இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆண்டுதோறும் ஈவுத்தொகை தரக்கூடிய உறுதியான துறையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தத் துறையில் வரும் பணத்தின் மீது முதல் உரிமை பங்குதாரருக்கு இல்லை. குத்தகை நிலத்தில் பயிரிடுபவர் குத்தகையை அளந்து கொடுத்த பிறகே தன் வீட்டுக்கு நெல்லை எடுத்துச் செல்ல முடிவதைப் போல, அலைக்கற்றைத் தவணை, உரிமக் கட்டணம், பழைய நிலுவை ஆகியவை அரசுக்குப் போன பின்னர் மிஞ்சுவதே பங்குதாரருக்கு வரும். ஆகவே ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, ஜியோவைக் கையில் வைத்திருக்கும் ரிலையன்ஸ், கோபுரங்களை வாடகைக்கு விடும் இண்டஸ் டவர்ஸ் ஆகியவற்றில் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு, எது அதிக லாபம் காட்டுகிறது என்று பார்த்து விடை காண முடியாது. அரசுக்குக் கட்டியது போக எந்த நிறுவனத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது, அந்த மிச்சம் எத்தனை பங்குகளுக்குப் பிரிகிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அலைக்கற்றையின் விலை எப்படிப்பட்ட சுமை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 2010இல் 3ஜி ஏலத்தில் மட்டும் அரசுக்குக் கிடைத்தது 67,719 கோடி ரூபாய். 2015 ஏலம் சுமார் 1,09,875 கோடி ரூபாய்க்கும், 2021 ஏலம் 77,815 கோடி ரூபாய்க்கும் முடிந்தன. 2022இல் நடந்த 5ஜி ஏலத்தில் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதில் ஜியோவின் பங்கு 88,078 கோடி, ஏர்டெல்லின் பங்கு சுமார் 43,084 கோடி, வோடஃபோன் ஐடியாவின் பங்கு சுமார் 18,799 கோடி ரூபாய். இந்தத் தொகையை ஒரே நேரத்தில் கட்ட வேண்டியதில்லை; 20 சம ஆண்டுத் தவணைகளில், 7.2 சதவீத வட்டியுடன் கட்டலாம் என்று அரசு வாய்ப்பளித்தது.

இந்த வாய்ப்பின் உண்மையான பொருளை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் தவணை கட்டுவதாகக் கொண்டால், 100 கோடி ரூபாய் மதிப்புள்ள அலைக்கற்றைக்கு ஆண்டுக்குச் சுமார் 8.94 கோடி ரூபாய் கட்ட வேண்டும். 20 ஆண்டுகளில் கைவிட்டுப் போவது ஏறத்தாழ 179 கோடி ரூபாய். ஏர்டெல் வாங்கிய 43,084 கோடி ரூபாய்க்கு இதே விகிதத்தைப் பொருத்தினால், ஆண்டுத் தவணை சுமார் 3,850 கோடி ரூபாய் ஆகிறது. ஏர்டெல்லின் மொத்தப் பங்குகள் ஏறக்குறைய 600 கோடி என்பதால், அந்த ஒரே ஏலத்துக்காகப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஆறு ரூபாய்க்கு மேல் அரசுக்குப் போக வேண்டும் என்றாகிறது. முன்கூட்டியே கட்டினால் இந்தச் சுமை குறையும். ஆனாலும் சுமையின் அளவு என்ன என்பது இதிலிருந்து விளங்கும்.

கவலைக்குரியது என்னவென்றால், காலாண்டு முடிவுகள் வெளியாகும்போது செய்தித்தாள்கள் தலைப்பில் போடும் எண்களில் இந்தச் செலவு தென்படாது. எபிட்டா என்று சொல்லப்படும் இயக்க லாபம், வட்டியையும் தேய்மானத்தையும் கழிப்பதற்கு முந்தையது. அலைக்கற்றைச் செலவோ பெரும்பாலும் தேய்மானமாகவும் வட்டியாகவும்தான் கணக்கில் வருகிறது. நிறுவனங்கள் பெருமையுடன் எடுத்துச் சொல்லும் மூலதனச் செலவுக் கணக்கிலும் அலைக்கற்றையைத் தனியே ஒதுக்கிவைப்பது வழக்கம். எனவே ஈவுத்தொகையை எதிர்பார்த்து வாங்க நினைப்பவர், ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கை உள்ள பக்கத்துக்குச் சென்று, அலைக்கற்றைக்காகவும் ஒத்திவைக்கப்பட்ட தவணைக்காகவும் கட்டிய தொகையைத் தேட வேண்டும். ஒரு நிறுவனம் அதை முதலீட்டு நடவடிக்கைகளின் கீழும், மற்றொரு நிறுவனம் நிதி நடவடிக்கைகளின் கீழும் காட்டலாம் என்பதால் இரண்டு பகுதிகளையும் படிப்பது அவசியம்.

ஏலத் தொகைக்கு மேல், சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் (ஏ.ஜி.ஆர்.) 8 சதவீதம் உரிமக் கட்டணமாகச் செல்கிறது. அந்த வருவாயில் எவையெல்லாம் சேரும் என்ற வழக்கில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, பல ஆண்டுகளுக்கான வட்டியும் அபராதமும் சேர்ந்த ஏ.ஜி.ஆர். நிலுவை நிறுவனங்களின் தலையில் இறங்கியது. 2021 செப்டம்பரில் அரசு அறிவித்த சலுகைகள் இத்துறையை மூச்சுவிட வைத்தன என்பதை மறுக்க முடியாது: நான்கு ஆண்டுகள் தவணை விடுப்பு, அதற்கான வட்டியைப் பங்குகளாக மாற்றும் வாய்ப்பு, இனி வரும் ஏலங்களில் வாங்கும் அலைக்கற்றைக்குப் பயன்பாட்டுக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு ஆகியவை அதில் அடங்கும்.

இந்தப் பின்னணியில் முதலில் பார்க்க வேண்டியது பாரதி ஏர்டெல். ஈவுத்தொகை வரலாற்றை மட்டும் பார்த்தால் மகிழ்ச்சி தரும் வரிசைதான்: 2021-22 நிதியாண்டுக்கு 3 ரூபாய், அடுத்த ஆண்டு 4, அதற்கடுத்து 8, 2024-25க்கு 16 ரூபாய். மூன்றே ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. ஆனால் 2025ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் 1,600 ரூபாய்க்கு மேல் விற்ற பங்குக்கு 16 ரூபாய் என்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 1,800 ரூபாய் விலையில் ஒரு லட்சம் ரூபாய்க்கு 55 பங்குகள் வாங்கியவருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 880 ரூபாய். அதுவும் வரிக்கு முன்.

இன்னொரு கணக்கையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019இல் பங்கு ஒன்றுக்கு 220 ரூபாய் விலையில் சுமார் 25,000 கோடி ரூபாயையும், 2021இல் 535 ரூபாய் விலையில் சுமார் 21,000 கோடி ரூபாயையும் உரிமைப் பங்குகள் (ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் எண்ணிக்கைக்கேற்ப விற்கும் புதிய பங்குகள்) மூலம் ஏர்டெல் தன் பங்குதாரர்களிடமிருந்தே திரட்டியது. 2021 வெளியீட்டில் 14 பங்குகளுக்கு ஒரு பங்கு; முதலில் 25 சதவீதம், மீதியை நிறுவனம் கேட்கும்போது கட்ட வேண்டும். அப்போது 140 பங்குகள் வைத்திருந்த ஒருவருக்கு 10 உரிமைப் பங்குகள் கிடைத்தன. முழு விலை 5,350 ரூபாய். அந்த 140 பங்குகளுக்கு மேற்சொன்ன நான்கு நிதியாண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைத்த ஈவுத்தொகை 4,340 ரூபாய். அதாவது, நான்கு ஆண்டு ஈவுத்தொகை முழுவதையும் சேர்த்தாலும் நிறுவனம் கேட்ட பணத்துக்கு ஈடாகவில்லை. இதனால் அவர் நட்டப்பட்டார் என்று சொல்வதற்கில்லை; 535 ரூபாய்ப் பங்கு பின்னர் மூன்று மடங்குக்கு மேல் விலை போனது. ஆனால் அவருக்குக் கிடைத்த ஆதாயம் விலை உயர்விலிருந்து வந்தது, ஈவுத்தொகையிலிருந்து வரவில்லை. ஏர்டெல்லை வாங்க நினைப்பவர் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு இதுவே.

ஏர்டெல்லுக்கு ஆதரவாக நான் பெரிதும் மதிப்பது, விலை உயர்ந்த கடனை அது முந்திக்கொண்டு அடைக்கும் பழக்கத்தை. 2014 ஏலத்துக்கான தவணைகளுக்கு 10 சதவீத வட்டி இருந்தது. 2021 டிசம்பரில் 15,519 கோடி ரூபாயைக் கட்டி அதை முடித்துக்கொண்டது. 2024 ஏலத்துக்கான 8.65 சதவீத வட்டித் தவணைகளில் 5,985 கோடி ரூபாயை 2025 மார்ச்சில் கட்டியது. இந்தப் பணத்தை அப்படியே ஈவுத்தொகையாகக் கொடுத்திருக்கலாமே என்று சில பங்குதாரர்கள் கேட்கக்கூடும். நான் அவர்களுடன் உடன்பட மாட்டேன், 8.65 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு வரிக்கு உட்பட்ட ஈவுத்தொகையைப் பெறுவதைவிட, கடன் குறைந்த நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பது நீண்டகாலப் பங்குதாரருக்கு நல்லது. வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மாதந்தோறும் கிடைக்கும் சராசரி வருவாயிலும் ஏர்டெல்லே முன்னிலையில் உள்ளது: 2025 செப்டம்பர் காலாண்டில் அது 256 ரூபாய், ஜியோவுக்கு 211 ரூபாய் அளவில், வோடஃபோன் ஐடியாவுக்கு அதனினும் குறைவு.

ஏர்டெல்லின் துணை நிறுவனமான பாரதி ஹெக்ஸாகாம் ராஜஸ்தான், வடகிழக்கு ஆகிய இரண்டு சர்க்கிள்களில், அதாவது சேவைப் பகுதிகளில், மட்டும் இயங்குகிறது. 2024 ஏப்ரலில் 570 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்குகள் அனைத்தும் அரசு நிறுவனமான டி.சி.ஐ.எல். தன்னிடமிருந்ததை விற்றவை, நிறுவனத்துக்குப் புதிய பணம் எதுவும் வரவில்லை. 2023-24க்கு 4 ரூபாயும் 2024-25க்கு 10 ரூபாயும் ஈவுத்தொகை வந்தது. டி.சி.ஐ.எல். கையில் இன்னும் 15 சதவீதம் இருப்பதால், அது சந்தைக்கு வரும் நாளில் விலை அழுத்தம் ஏற்படலாம். ஏர்டெல்லை வாங்கியவர் இதையும் தனியே வாங்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

வோடஃபோன் ஐடியாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் சிறு முதலீட்டாளர்கள் அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் பங்கு இதுதான். பத்து ரூபாய் அளவில் கிடைக்கும் பங்கு, கைக்கு அடக்கமாக ஆயிரம் பங்குகள் வாங்கலாம், இரண்டு ரூபாய் ஏறினாலும் இருபது சதவீத லாபம் என்ற எண்ணமே பலரை ஈர்க்கிறது. பங்கின் விலை குறைவாக இருப்பதும் நிறுவனம் மலிவாகக் கிடைப்பதும் ஒன்றல்ல. 2018 ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தபோது மொத்தப் பங்குகள் சுமார் 873 கோடி. 2019இல் 12.50 ரூபாய்க்கு 25,000 கோடி ரூபாய் உரிமைப் பங்குகள், 2023 பிப்ரவரியில் அரசுக்குச் சேர வேண்டிய வட்டி 16,133 கோடி ரூபாய்க்குப் பங்குகள், 2024 ஏப்ரலில் 11 ரூபாய்க்கு 18,000 கோடி ரூபாய் பொது வெளியீடு, 2025இல் 36,950 கோடி ரூபாய் அலைக்கற்றை நிலுவைக்கு மீண்டும் அரசுக்குப் பங்குகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வெளியிட்டு, எண்ணிக்கை 10,834 கோடியைத் தொட்டுவிட்டது. ஏழு ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு மடங்கு. இணைப்பின்போது வாங்கிப் பேசாமல் வைத்திருந்தவரின் உரிமை, பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இந்த எண்ணிக்கையில், பங்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் லாபம் காட்ட வேண்டுமென்றால் நிறுவனம் ஆண்டுக்கு 10,834 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்ட வேண்டும். தொடர்ந்து நட்டத்தில் இயங்கிவந்துள்ள நிறுவனம் அந்த நிலையை அடைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை வாங்குபவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நிறுவனச் சட்டப்படி ஈவுத்தொகை லாபத்திலிருந்துதான் தரப்பட வேண்டும். ஆகவே ஈவுத்தொகை எதிர்பார்ப்பவருக்கு இங்கே பேச்சுக்கே இடமில்லை.

அதே வேளையில் எதிர்த்தரப்பையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அரசு இன்று 49 சதவீதப் பங்குகளை வைத்திருக்கும் மிகப்பெரிய பங்குதாரர். சந்தையில் இரண்டே நிறுவனங்கள் எஞ்சுவதை அரசு விரும்பவில்லை என்பது அதன் நடவடிக்கைகளிலிருந்து தெளிவாகிறது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய் என்பதால், சந்தை விலை அதைவிடக் குறைவாக இருந்தபோதும் அரசு 10 ரூபாய் விலைக்கே பங்குகளைப் பெற்றது. ஏ.ஜி.ஆர். நிலுவையை மறுபரிசீலனை செய்ய 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசை அனுமதித்தது. டிசம்பர் இறுதியில் அந்த நிலுவையை 87,695 கோடி ரூபாயில் நிறுத்தி, பெரும்பகுதியை 2031-32 முதல் கட்ட அமைச்சரவை வழிவிட்டது. நிறுவனம் மூடப்படும் அபாயம் இதனால் குறைந்திருக்கிறது. ஆனால் அலைக்கற்றைத் தவணைகள் தனியே நிற்கின்றன, வலையமைப்புக்குப் புதிய பணம் தேவைப்படுகிறது. அந்தப் பணம் வருவதற்கு மீண்டும் பங்குகளை வெளியிடுவதே எளிய வழி. நிறுவனம் பிழைப்பதும் பங்குதாரர் பிழைப்பதும் வெவ்வேறு. 2008 தொடக்கத்தில் 800 ரூபாய்க்கு மேல் விற்ற ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2019இல் திவால் நடவடிக்கைக்குள் சென்று, அதன் பங்கு ஓரிரு ரூபாய்க்கு வந்ததை இந்தச் சந்தை கண்ணால் கண்டிருக்கிறது. குடும்பச் சேமிப்பை வைத்து வோடஃபோன் ஐடியாவை வாங்கக் கூடாது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஜியோவின் நிலை வேறு. பணபலம் மிக்க தாய் நிறுவனம், மூன்று நிறுவனங்களிலும் மிகப்பெரிய வாடிக்கையாளர் தளம், 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை நாடு முழுவதற்கும் வாங்கிய ஒரே நிறுவனம். ஆனால் ஜியோவை இதுவரை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழியாகவே வாங்க முடிந்திருக்கிறது. அப்படி வாங்கும்போது சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோகெமிக்கல், சில்லறை வணிகம் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறோம். ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் ரிலையன்ஸுக்கு இருப்பது சுமார் 67 சதவீதம். 2020இல் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய்க்கும் கூகுள் 33,737 கோடி ரூபாய்க்கும் பங்கு வாங்கியதை வாசகர்கள் அறிவார்கள். 2024-25க்கு ரிலையன்ஸ் தந்த ஈவுத்தொகை பங்குக்கு 5.50 ரூபாய், விலையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. 2026 முதல் பாதிக்குள் ஜியோவைப் பட்டியலிடும் திட்டத்தை முகேஷ் அம்பானி 2025 ஆகஸ்ட் பொதுக்குழுவில் அறிவித்தார். வெளியீட்டு ஆவணத்தைப் படிக்கும்போது, திரட்டும் பணம் நிறுவனத்துக்குள் வருகிறதா அல்லது பழைய பங்குதாரர்கள் விற்று வெளியேறுகிறார்களா என்பதையும், ஒத்திவைக்கப்பட்ட அலைக்கற்றை நிலுவை எவ்வளவு என்பதையும் பார்த்த பின்னரே விலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அலைக்கற்றைச் செலவே இல்லாமல் இத்துறையில் பங்கேற்க ஒரு வழி உண்டு. அது கோபுர நிறுவனமான இண்டஸ் டவர்ஸ். ஏலத்தில் நிற்க வேண்டாம், ஏ.ஜி.ஆர். கவலை இல்லை, வாடகை மாதந்தோறும் வரும். கேட்பதற்கு ஈவுத்தொகை விரும்பிகளுக்கென்றே அமைந்த நிறுவனம் போலிருக்கிறது. ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் முக்கிய வாடகைதாரர்களில் ஒருவரான வோடஃபோன் ஐடியாவால் வாடகை பாக்கியைக் கட்ட முடியாமல் போனபோது, 2022 மே மாதம் தந்த 11 ரூபாய்க்குப் பிறகு 2024-25 நிதியாண்டு முடியும் வரை ஈவுத்தொகை வரவில்லை. இடையில் 2024 ஆகஸ்டில் பங்கு ஒன்றுக்கு 465 ரூபாய் விலையில் 2,640 கோடி ரூபாய்க்குப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. பாக்கி வசூலான பிறகு ஈவுத்தொகை திரும்பும் என்று காத்திருந்தவர்களுக்கு, 2025 செப்டம்பரில் ஆப்பிரிக்காவில் நுழையப்போவதாக நிறுவனம் அறிவித்தது ஏமாற்றமாக இருந்தது. ஏர்டெல் ஏற்கெனவே சேவை நடத்தும் நைஜீரியா, உகாண்டா, ஜாம்பியா ஆகிய நாடுகளில்தான் அந்த விரிவாக்கம். பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருக்கும் ஏர்டெல்லின் தேவையும், ஈவுத்தொகைக்காகக் காத்திருக்கும் சிறு பங்குதாரரின் தேவையும் ஒரே திசையில் செல்லாத இடம் இது. வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஒருவர் மாதச் செலவுக்கான வருமானத்தைத் தேடினால், மேற்சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2025இல் தந்த 8.2 சதவீதத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 8,200 ரூபாய் வரும். ஏர்டெல் தரும் 880 ரூபாய் அதன் பக்கத்தில் கூட வராது. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை பங்குதாரரின் வருமானத்தோடு சேர்த்து அவரவர் வரி அடுக்கின்படி வரிக்கு உட்படுகிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 16 ரூபாயில் 11 ரூபாய்தான் மிஞ்சும்.

பத்து ஆண்டுகள் பொறுத்திருக்கக்கூடிய, நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு என் விடை வேறு. மொத்தப் பங்கு முதலீட்டில் ஐந்து முதல் பத்து சதவீதத்துக்குள் ஏர்டெல்லை, ஒரே நாளில் வாங்காமல் ஓர் ஆண்டில் பிரித்து வாங்கலாம். இண்டஸ் டவர்ஸ் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஈவுத்தொகை தந்தால், அப்போது சிறு அளவில் சேர்க்கலாம். ஜியோவுக்கு வெளியீட்டு ஆவணம் வரும்வரை காத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை.

வாங்கிய பிறகு கண்காணிக்க வேண்டிய ஆண்டு 2030. 2010 ஏலத்தில் 20 ஆண்டுகளுக்குப் பெற்ற அலைக்கற்றையின் காலம் அப்போது முடிகிறது. அதைப் புதுப்பிக்க நிறுவனங்கள் மீண்டும் ஏலத்துக்குப் போக வேண்டும். அடிப்படை விலையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைக்கும் காலத்தில், ஈவுத்தொகையை உயர்த்திக்கொண்டே போன ஏர்டெல் அந்த உயர்வை நிறுத்தினால் பதற்றப்பட வேண்டியதில்லை; அது ஏலத்துக்குப் பணம் சேர்ப்பதன் அடையாளம். மாறாக, கடனும் ஈவுத்தொகையும் ஒரே நேரத்தில் உயர்ந்தால், அப்போதுதான் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, அடுத்த உரிமைப் பங்கு வெளியீடு எப்போது வரும் என்று கேட்க வேண்டும்.